சேயோடு பிறக்கும் தாய்

பேறுகாலம் பெண்ணுக்கு மறுபிறவி என்பது நம் பாட்டிமார் வாயில் வழங்கிய சொல். பிள்ளை பெறச் சென்றவள் உயிரோடு திரும்புவாளா என்ற அச்சம் வீட்டுக்கு வீடு நிலவிய காலத்தில் பிறந்த சொல் அது. சாவின் வாசல்வரை சென்று மீண்டவள் மறுபடியும் பிறந்தவளே என்பது அதன் நேர்ப்பொருள். எனினும், அச்சொல்லைச் சற்று நேரம் மனத்தில் வைத்து எண்ணிப் பார்த்தால் வேறொரு பொருளும் புலப்படுகிறது. பேறுகாலத்துக்கு முன் இருந்த பெண்ணும், குழந்தையை மடியில் ஏந்தி வீடு திரும்பும் பெண்ணும் ஒருவர்தாமா? அவளுடைய உறக்கமும் விழிப்பும், அச்சமும் ஆசையும், தன்னைப் பற்றி அவள் கொண்டிருந்த எண்ணமும் முன்போலவே இருக்கின்றனவா?

குழந்தைக்குப் பெயர் தெரிவு செய்கிறோம். திருமுழுக்கு நாள் குறிக்கிறோம். உற்றார் உறவினரை அழைக்கிறோம். குழந்தை யார் சாயல் என்று விவாதிக்கிறோம். அதே நாளில், அதே கட்டிலில், ஒரு தாயும் புதிதாய்ப் பிறந்திருக்கிறாள் என்பதை நாம் அநேகமாக மறந்துவிடுகிறோம். அவள் நலத்தை விசாரிக்கும்போதும், காய்ச்சல் உண்டா, பால் சுரக்கிறதா என்ற அளவிலே நம் விசாரணை நின்றுவிடுகிறது.

பிள்ளைப்பேறு பெண்ணின் உள்ளத்தையும் மூளையையும் மாற்றுகிறது என்ற உண்மையை மனிதகுலம் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தது. அந்த உணர்தலுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. மருத்துவர்களும் குருக்களும் ஆய்வாளர்களும் அதில் இடம்பெறுகின்றனர். ஆனால் அந்த வரலாற்றை ஒரு தாயிடமிருந்தே தொடங்குவது முறை என்று நமக்குத் தோன்றுகிறது.

லின் நகரத்து மார்ஜரி

இங்கிலாந்தின் கீழ்க்கரையை ஒட்டிய நார்ஃபோக் பகுதியில் லின் என்ற துறைமுக நகரம் உள்ளது. 14ஆம் நூற்றாண்டில் அது ஆயரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தமையால் பிஷப்ஸ் லின் என்று அழைக்கப்பட்டது. அந்நகரின் மேயராகப் பலமுறை பணியாற்றிய ஜான் பிரன்ஹாம் என்பவரின் மகளாக, ஏறக்குறைய 1373ஆம் ஆண்டில் மார்ஜரி பிறந்தார். இருபது வயதை ஒட்டிய பருவத்தில் ஜான் கெம்ப் என்பவரை மணந்தார். விரைவிலேயே கருவுற்றார். கருவுற்ற நாள்முதல் கடும் நோய் வாட்டியது. பேறும் வருத்தம் மிக்கதாக இருந்தது. இனிப் பிழைக்க மாட்டோம் என்று எண்ணிய அவர், பாவசங்கீர்த்தனம் செய்ய ஒரு குருவை அழைத்துவரச் செய்தார். நெடுநாளாக வெளியிடாமல் நெஞ்சில் புதைத்து வைத்திருந்த ஒரு குற்றத்தை அன்று சொல்லிவிட அவர் துணிந்திருந்தார். ஆனால் அவர் முழுவதும் சொல்லி முடிக்குமுன்பே குரு அவசரப்பட்டுக் கடிந்துகொண்டார். மார்ஜரி வாயை மூடிக்கொண்டார். பிறகு எவ்வளவு கேட்டும் அவர் அதைச் சொல்லவில்லை.

அதற்குப்பின் அவர் சித்தம் கலங்கியது. அரையாண்டும் எட்டு வாரமும் சில நாள்களுமாக அந்தத் துன்பம் நீடித்தது. தீப்பிழம்பைக் கக்கும் பேய்கள் தம்மைப் பற்றி இழுப்பதாகக் கண்டார். கணவரையும் நண்பர்களையும் தம்மையுமே பழித்துப் பேசினார். தம் கையைத் தாமே கடித்துக்கொண்டார்; அந்தத் தழும்பு வாழ்நாள் முழுவதும் மறையவில்லை. தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளாதவாறு அவரை இரவும் பகலும் கட்டி வைத்திருந்தனர்.

ஒரு நாள், காவலர்கள் அருகில் இல்லாத வேளையில், கிறிஸ்து ஊதாப் பட்டாடை அணிந்து தம் கட்டிலின் ஓரத்தில் வந்து அமர்ந்திருப்பதை மார்ஜரி கண்டார். தம்மை ஒருபோதும் கைவிடாத அவரைத் தாம் கைவிட்டது ஏன் என்று ஆண்டவர் அன்போடு வினவினார். அக்கணமே அவர் சித்தம் தெளிந்தது. தெளிந்ததும் மார்ஜரி செய்த முதற் காரியம் நம் கவனத்துக்குரியது. முன்போலத் தாமே உணவும் பானமும் எடுத்துக்கொள்ளும்படி, பண்டகசாலையின் சாவிகளைத் தரவேண்டும் என்று கணவரிடம் கேட்டார். பணிப்பெண்களும் காவலர்களும் தடுத்தனர். அவர் பேசுவது அவருக்கே புரியவில்லை என்றும், உள்ளதையெல்லாம் வாரிக் கொடுத்துவிடுவார் என்றும் எச்சரித்தனர். ஆனால் ஜான் கெம்ப் மனைவிமீது என்றும் பரிவு கொண்டவர். சாவிகளைக் கொடுத்துவிடும்படி அவர் கட்டளையிட்டார்.

இந்த நிகழ்ச்சிகளை நாம் அறிவதற்குக் காரணம், மார்ஜரி முதுமையில் தம் வாழ்க்கையைச் சொல்லச்சொல்லப் பிறர் எழுதி வைத்தமையே. ஆங்கில மொழியில் எழுந்த முதல் தன்வரலாறு என்று அந்நூலைப் பலரும் மதிக்கின்றனர். யார்க்‌ஷயரிலிருந்த மவுண்ட் கிரேஸ் என்ற கார்த்தூசியத் துறவு மடத்தில் ஒரு காலத்தில் வைத்துப் போற்றப்பட்ட அதன் ஒரே கையெழுத்துப்படி பிற்காலத்தில் மறைந்துபோயிற்று. 1934ஆம் ஆண்டில் ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் வீட்டு அலமாரியிலிருந்து அது வெளிவந்தது. ஹோப் எமிலி ஆலன் என்ற அறிஞர் அதை இன்னதென்று அடையாளம் கண்டார். இன்று அது லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது.

அந்நூலில் மார்ஜரி தம்மை 'நான்' என்று சொல்லிக்கொள்வதில்லை. 'இந்தப் படைப்பு' என்றே குறிப்பிடுகிறார். அது இறைவன்முன் தாழ்மையின் அடையாளமாகலாம். எனினும் பதினான்கு பிள்ளைகளைப் பெற்ற அந்தத் தாய், தம் வாழ்க்கையின் தொடக்கமாக எழுதச் சொன்னது தம் பிறப்பையன்று. தம் முதற்பேற்றையும் அதன்பின் வந்த கலக்கத்தையுமே. தாம் இன்னார் என்ற கேள்வி அன்றுதான் தமக்குள் எழுந்ததாக அவர் நினைத்தார் போலும்.

மருத்துவர் கண்டதும் காணாததும்

மார்ஜரிக்கு நேர்ந்ததை நம் முன்னோர் கண்டிருந்தால் பிரசவ ஜன்னி என்றிருப்பார்கள். மருத்துவ நூல்களில் இதன் சுவடு மிகப் பழமையானது. இப்போக்கிராட்டஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நோய்க்குறிப்புகளில், சிசிக்கஸ் நகரத்தில் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்ற ஒருத்தி காய்ச்சலும் பிதற்றலுமாகத் துன்புற்று 17ஆம் நாளில் இறந்த செய்தி காணப்படுகிறது. அவளுக்கு வந்தது பெரும்பாலும் நச்சுக்காய்ச்சலே. ஆனால் பிற்கால மருத்துவர்கள் பலர், மார்பில் சுரக்க வேண்டிய பால் தலைக்கேறியதால் சித்தம் கலங்குகிறது என்று பல நூற்றாண்டுகள் நம்பினர்.

19ஆம் நூற்றாண்டில்தான் பிரெஞ்சு மருத்துவர்கள் இதை முறையாக ஆராய்ந்தனர். 1838இல் வெளியான தம் நூலில் எஸ்கிரோல், மனநோய் விடுதிகளுக்கு வரும் தாய்மார்கள் சிலரே என்றும், வீட்டுக்குள்ளேயே துன்புற்று எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாதவர் மிகப் பலர் என்றும் சுட்டினார். அவருக்குப்பின் லூயி விக்டர் மார்சே 1858ஆம் ஆண்டில், கருவுற்ற பெண்கள், புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகிய மூவகையினருக்கும் நேரும் மனநோய்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். அப்போது அவருக்கு வயது முப்பது. கருப்பைக்கும் மூளைக்கும் இடையே ஏதோ ஒரு தொடர்பு இருந்தாக வேண்டும் என்று அவர் கருதினார். அத்தொடர்பைத் தாங்கிச் செல்லும் பொருள் எதுவென்று காட்ட அக்காலத்து அறிவியலிடம் கருவிகள் இல்லை. 1864இல் இளவயதிலேயே மார்சே மறைந்தார்.

அவர் எழுப்பிய கேள்வியும் அவரோடு உறங்கிப்போயிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பேற்றுக்குப்பின் வரும் மனநோய் என்று தனியே ஒன்று இல்லை என்ற கருத்தே வல்லுநரிடையே ஓங்கியிருந்தது. தாய்மார்களுக்கு வந்த கலக்கம், மற்றவருக்கு வரும் கலக்கத்தோடு சேர்த்து எண்ணப்பட்டது. 1980ஆம் ஆண்டில்தான் தாய்மார்களின் மனநலத்துக்கென ஓர் அனைத்துலகச் சங்கம் தோன்றி, மறக்கப்பட்டிருந்த மார்சேயின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது.

திருச்சபையின் வாசலில்

திருச்சபை இத்தாய்மாரை எவ்வாறு வரவேற்றது என்ற கேள்வியையும் நாம் தவிர்க்கலாகாது. லேவியர் நூலின் சட்டப்படி, ஆண்மகவைப் பெற்றவள் 40 நாளும் பெண்மகவைப் பெற்றவள் 80 நாளும் தீட்டுக்குரியவள். அன்னை மரியாவும் அச்சட்டத்துக்குப் பணிந்து எருசலேம் ஆலயம் சென்றார். ஆயினும் கி.பி. 601ஆம் ஆண்டில் கான்டர்பரியின் புனித அகுஸ்தினாருக்குத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் விடுத்த மறுமொழி, இப்பொருளில் ஒரு மைல்கல். பிள்ளை பெற்ற அந்த நேரத்திலேயே ஒரு பெண் ஆலயத்துக்கு வந்து நன்றி செலுத்தினாலும் அவள்மீது எப்பாவமும் இல்லை என்பது அவருடைய தீர்ப்பு. பிள்ளைப்பேற்றின் வேதனையை அவளுக்கு மேலுமொரு குற்றமாக ஆக்கலாகாது என்பது அவருடைய கருத்து.

பின்வந்த நூற்றாண்டுகளில் அத்தெளிவு எல்லா ஊர்களிலும் நிலைத்தது என்று சொல்ல முடியாது. பேறுகாலத்துக்குப்பின் நடைபெற்ற ஆலயச் சடங்கை மக்கள் தீட்டுக்கழிப்பாகவே எண்ணினர். ஆனால் 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் அதை நன்றியறிதலின் ஆசீராகவே வகுத்திருந்தது. தாய் எரியும் திரியைக் கையில் ஏந்தி ஆலய வாசலில் முழந்தாளிடுவாள். குரு தம் தோள்துகிலின் ஒரு முனையை அவள் கையில் தந்து, அவளை உள்ளே அழைத்துச் செல்வார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின், 1969இல் வெளிவந்த குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் தாய்க்குரிய ஆசீரும் சேர்க்கப்பட்டது.

அப்பழைய சடங்கில் ஓர் ஆழ்ந்த அறிவு அடங்கியிருந்தது. இல்லத்தின் இருளறையில் நாற்பது நாள் கழித்தவளைச் சமூகம் வாசலில் வந்து எதிர்கொண்டது. போனவளே திரும்பி வந்திருக்கிறாள் என்று எண்ணி அவளைப் பழைய இடத்தில் அமர்த்திவிடாமல், ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குக் கடந்து வந்தவளாக அவளை மதித்து, கைப்பிடித்து அழைத்துச் சென்றது.

ஒரு பருவத்துக்குப் பெயர்

இந்தக் கடத்தலை 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் கண்டுகொண்டவர்களுள் இருவரை நாம் சிறப்பாகக் குறிப்பிடவேண்டும். ஒருவர் லண்டன் நகரில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் விளங்கிய டொனால்டு வினிகாட். நெடுங்காலமாகத் தாயையும் சேயையும் சேர்த்தே கவனித்துவந்த அவர், 1956ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் தாய்மாரின் ஒரு தனி நிலையை விவரித்தார். பேறுகாலம் நெருங்கும்போது பெண்ணிடம் ஒரு மிகுந்த உணர்வுக் கூர்மை தோன்றுகிறது. பேற்றுக்குப்பின் சில வாரங்கள் அது நீடிக்கிறது. உலகத்தின் மற்றெல்லாக் கவலைகளும் அவளிடமிருந்து விலகி நிற்கின்றன. குழந்தை என்ற ஒன்று மட்டும் இல்லாதிருந்தால் அந்நிலையை நோய் என்றே கருதவேண்டியிருக்கும் என்றார் அவர். அதிலிருந்து மீண்டபின் தாய்மார் அதை எளிதில் நினைவுகூர்வதில்லை என்பதும் அவருடைய கணிப்பு. பிள்ளை வளர்த்து முடித்த நம் மூத்த பெண்கள் பலர், இளந்தாய்மாரின் கலக்கத்தைக் கண்டு வியப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மற்றவர் அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல். பல இனத்தாரின் பேறுகால வழக்கங்களைத் தொகுத்து ஆராய்ந்த அவர், 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட தாய்ப்பால் பற்றிய நூலில் மேட்ரெசன்ஸ் என்ற புதுச்சொல்லை வழங்கினார். குழந்தைப்பருவத்திலிருந்து முதிர்பருவத்துக்குச் செல்வதற்கு இடையே குமரப்பருவம் ஒன்று இருப்பதுபோல, பெண் தாயாவதற்கும் ஒரு பருவம் உண்டு என்பதே அச்சொல்லின் உட்கருத்து. தாய்மைப் பருவம் என்று அதை நாம் தமிழில் வழங்கலாம். பசிபிக் தீவாகிய டிக்கோப்பியாவில், குழந்தை பிறந்தது என்று அறிவிப்பதைவிட, இன்னாள் ஈன்றாள் என்றே அறிவிக்கும் வழக்கத்தை அவர் எடுத்துக்காட்டினார். அங்கே செய்தியின் நடுநாயகம் தாய்.

குமரப்பருவத்தில் மகன் முகம் சுளித்தால், வயதுக் கோளாறு என்று பொறுத்துக்கொள்கிறோம். ஒரே இரவில் அவன் முதிர்ந்தவனாகிவிட வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பிள்ளை பெற்ற மறுநாளே ஒரு பெண் முழுமையான தாயாக, நிறைவான மகிழ்ச்சியோடு விளங்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவளும் அதையே தன்னிடம் எதிர்பார்க்கிறாள். அந்த எதிர்பார்ப்புக்கும் உள்ளே உண்மையில் நிகழ்வதற்கும் இடையே திறக்கும் பிளவில்தான் எத்தனையோ தாய்மார் மௌனமாக விழுந்துவிடுகின்றனர்.

குருதியிலும் மூளையிலும்

மார்சே தேடிய தொடர்பு எதுவென்ற கேள்விக்கு விடை துண்டுதுண்டாகவே கிடைத்தது. 1906ஆம் ஆண்டில் ஹென்றி டேல், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். அச்சாற்றிலுள்ள ஆக்ஸிடோசின் என்ற பொருளின் அமைப்பைக் கண்டறிந்து, 1953இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிட்டியது. விரைந்த பேறு என்று பொருள்தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது. வெறும் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன அச்சிறு பொருள் கருப்பையைச் சுருக்குகிறது. பால் பீறிட உதவுகிறது. அது மூளையிலும் வேலை செய்கிறது என்பது பின்னர்த் தெரியவந்தது. 1979இல் பெடர்சன், பிராங் ஆகிய இருவரும், ஈனாத பெண் எலிகளின் மூளைக்குள் அதைச் செலுத்தியபோது அவை குஞ்சுகளைத் தாய்போலப் பேணத் தொடங்கியதைக் கண்டனர்.

இதற்கு முன்பே அமெரிக்காவின் நியூவர்க் நகரில் ஜே ரோசன்பிளாட் என்பவர் ஓர் அரிய உண்மையைக் கண்டிருந்தார். அண்மையில் ஈன்ற தாயெலியின் குருதி நீரை ஈனாத எலிக்குச் செலுத்தினால், அதற்குத் தாய்மை உணர்வு விரைவில் தோன்றுகிறது என்று அவரும் டெர்க்கலும் 1968இல் அறிவித்தனர். அதற்கு ஓராண்டு முன்னர் 1967இல் அவர் வெளியிட்ட மற்றொரு முடிவு இதைவிட வியப்பானது. எந்தச் சுரப்பியின் தூண்டுதலும் இன்றியே, ஈனாத பெண் எலிகளும் ஆண் எலிகளுங்கூட, குஞ்சுகளோடு சில நாள்கள் தொடர்ந்து வாழ்ந்தால் அவற்றைப் பேணத் தொடங்கிவிடுகின்றன. ஈன்ற வயிறு தாய்மையின் வாசலை விரைந்து திறக்கிறது. ஆனால் பக்கத்தில் இருந்து பராமரிப்பவர்க்கும் அவ்வாசல் திறந்தே இருக்கிறது.

மனிதரிடத்தும் இது பொருந்தும் என்பதற்குச் சான்று உண்டு. 2014ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டில் ரூத் ஃபெல்ட்மனும் அவருடைய குழுவினரும் 89 பெற்றோரின் மூளைச் செயற்பாட்டை ஆராய்ந்தனர். குழந்தையைப் பேணும் முதற்பொறுப்பை ஏற்ற தந்தையரின் மூளையில், தாய்மாரிடம் காணப்படும் உணர்ச்சி விழிப்பு தோன்றியிருப்பதைக் கண்டனர். பிறர் ஈன்ற பிள்ளைகளைத் தம் மடியில் வளர்த்த அருள்சகோதரிகளையும், வளர்ப்புத் தாய்மாரையும், நாசரேத்தூர்த் தச்சராகிய புனித சூசையப்பரையும் இங்கு நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பெண்ணின் மூளையைப் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் படம் பிடித்து ஒப்பிடும் ஆய்வு 2016ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. பார்சலோனாவில் எல்செலின் ஹூக்செமா, சுசானா கார்மோனா முதலியோர் நடத்திய அந்த ஆய்வில், முதன்முறை தாயான 25 பெண்களின் மூளை, கருவுறுமுன்னும் பேற்றுக்குப் பின்னும் எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுக்கப்பட்டது. பிறருடைய உள்ளத்தை, அவர் நோக்கத்தை, அவர் தேவையை உணர்ந்துகொள்ள உதவும் மூளைப் பகுதிகளில் சாம்பல் பொருளின் கனஅளவு குறைந்திருந்தது. முதன்முறை தந்தையான ஆண்களிடம் இம்மாற்றம் காணப்படவில்லை. எந்தப் பெண் பிள்ளை பெற்றவர், எவர் பெறாதவர் என்பதைப் படங்களைக் கொண்டே கணினியால் பிரித்துச் சொல்ல முடிந்தது. ஈராண்டுகள் கழிந்தும் மாற்றம் பெரும்பாலும் மறையவில்லை.

குறைந்தது என்ற சொல்லைக் கேட்டு எவரும் அஞ்சவேண்டியதில்லை. அப்பெண்களின் நினைவாற்றலில் தேய்வு எதுவும் காணப்படவில்லை. மாற்றம் மிகுந்திருந்த தாய்மாரிடமே குழந்தையின்மீது பற்றும் மிகுந்திருந்தது. கொடியை நறுக்கிவிடும் தோட்டக்காரன் அதை அழிப்பதில்லை. அதே ஆய்வுக் குழுவினர் 2019இல் இம்மாற்றங்களைக் குமரப்பருவப் பெண்களின் மூளை மாற்றங்களோடு ஒப்பிட்டு, இரண்டும் மிகவும் ஒத்திருப்பதைக் காட்டினர். 1973இல் ரஃபேல் ஓர் உவமையாகச் சொன்னது, 46 ஆண்டுகளுக்குப்பின் உடலளவிலேயே உண்மையாயிற்று. 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரே பெண்ணின் மூளையைக் கருவுறுமுன் தொடங்கிப் பேற்றுக்குப்பின் ஈராண்டுகள்வரை 26 முறை படமெடுத்து, இம்மாற்றம் வாரந்தோறும் எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் காட்டினர்.

இன்னும் ஓர் உண்மை உண்டு. 1996ஆம் ஆண்டில் டயானா பியாங்கியும் குழுவினரும், கருவிலிருந்த குழந்தையின் அணுக்கள் தாயின் குருதியில் 27 ஆண்டுகள்வரை உயிரோடு நிலைத்திருப்பதைக் கண்டனர். 2012இல், இறந்துபோன 59 பெண்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, அவருள் 63 விழுக்காட்டினரிடம் ஆண் மரபணுப் பொருள் காணப்பட்டது. அது பெரும்பாலும் அவர்கள் கருவில் சுமந்த மகன்களிடமிருந்து வந்ததாகவே ஆய்வாளர்கள் கருதினர். அறுக்கப்பட்ட கொப்பூழ்க்கொடி முழுவதும் அறுபடுவதில்லை. மரியா நிகழ்ந்தவற்றையெல்லாம் தம் உள்ளத்தில் வைத்துப் பேணியதை நற்செய்தியாளர் லூக்கா இரு முறை குறிப்பிடுகிறார். சிமியோன் முன்னுரைத்த வாள் மகனைத் துளைக்குமுன் தாயின் உள்ளத்தைத் தேடியது ஏன் என்பதை எந்தத் தாயும் நமக்கு விளக்கத் தேவையில்லை.

நம் வீட்டுப் பச்சை உடம்புக்காரி

இந்த வரலாறு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உரியது என்று நாம் விலகி நிற்க முடியாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆய்வாளர்கள், தமிழகத்தின் ஊர்ப்புறப் பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நிறைமாதத்தை நெருங்கிய 359 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். பேற்றுக்குப்பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 விழுக்காட்டினர். அதாவது, ஏறக்குறைய ஒன்பது பெண்களுள் ஒருவர். நம் பங்கில் ஓராண்டில் திருமுழுக்குப் பெறும் குழந்தைகளை எண்ணிப் பார்த்தால், அக்கணக்கு எத்தனை வீடுகளைத் தொடுகிறது என்பது விளங்கும்.

அச்சோர்வுக்கு வழிவகுத்தவை என்று அவ்வாய்வு சுட்டியவற்றை நாம் ஒவ்வொன்றாகப் படிக்கவேண்டும். குறைந்த வருமானம், கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்ச்சிகள், மாமியாரோடும் பெற்றோரோடும் மனவேறுபாடு, வேலையில் கைகொடுக்க ஆளில்லாமை, மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தமை. இவற்றுள் எதுவும் அப்பெண்ணின் மூளையில் தோன்றியதன்று. பிள்ளைப்பேறு அவள் மூளையைப் பிறர் துயரையும் பிறர் சொல்லையும் நுட்பமாய் உணரும்படி திருத்தி அமைத்திருக்கிறது. அந்நேரத்தில், பெண்ணா என்று ஒரு முகம் சுளிக்கும்போது, அச்சுளிப்பு வேறெந்தக் காலத்தையும்விட ஆழமாக அவளுள் இறங்குகிறது.

பச்சை உடம்புக்காரி என்று அவளை அழைத்த நம் முன்னோர், பச்சை மனத்தையும் அறிந்தே அச்சொல்லைப் படைத்திருக்கலாம். தலைச்சன் பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும், பத்தியமும், எண்ணெய்க் குளியலும், வேலைகளிலிருந்து விலக்கும் ஒருவகைப் பாதுகாப்பாகவே அமைந்தன. ஆனால் அதே வழக்கங்களில் தீட்டு என்ற விலக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. பாதுகாப்பை வைத்துக்கொண்டு விலக்கத்தைக் களைவது நம் கடமை. இன்றோ பல வீடுகளில் இதற்கு மாறாக, பாதுகாப்பு போய்விட, தனிமை மட்டும் எஞ்சி நிற்கிறது.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. இரு வாரங்களுக்கு மேலாக ஓர் இளந்தாய் அழுதுகொண்டிருந்தாலோ, குழந்தையைக் கண்டு எவ்வுணர்வும் இல்லை என்றாலோ, உறக்கம் வரவில்லை என்றாலோ, அதைப் பிடிவாதம் என்றோ விசுவாசக் குறைவு என்றோ ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். பேய்க்குரல் கேட்பதாகவோ, தன்னையோ குழந்தையையோ மாய்த்துவிடுவதாகவோ அவள் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. செபமாலையும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. திருமுழுக்குச் சடங்கின் இறுதியில் தாய்க்கென உள்ள ஆசீரை, நேரமாயிற்று என்று ஓட்டமாக வாசித்து முடிக்காமல், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுமாறு நம் குருக்களை வேண்டுகிறோம்.

லின் நகரத்து மார்ஜரியிடமே திரும்பி வருவோம். அவர் கதையில் இரு மனிதர் வருகின்றனர். ஒருவர், சொல்லி முடிக்குமுன் கடிந்துகொண்ட குரு. அவர் தீயவரல்லர், அவசரக்காரர். மற்றவர், எல்லாரும் தடுத்தபோதும் சாவிகளை மனைவியின் கையில் கொடுத்த கணவர். அவர் அறிஞரும் அல்லர். மனைவியின் உள்ளத்தில் நிகழ்ந்தது இன்னதென்று அறிந்தவரும் அல்லர். ஆயினும் தாம் அறியாத அந்த மாற்றத்தைக் கடந்து வந்தவளை நம்பினார். பல ஆண்டுகளுக்குப்பின் ஜான் கெம்ப் வீட்டில் தவறி விழுந்து, அறிவும் உடலும் குழந்தைநிலைக்குத் திரும்பியபோது, மார்ஜரியே அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துவந்து சாகும்வரை பேணினார் என்று அந்நூல் கூறுகிறது.

நம் வீட்டிலும் ஒரு தாய் புதிதாய்ப் பிறந்திருக்கலாம். அவள் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது, அவள் சொல்லி முடிக்கும்வரை நாம் காத்திருப்போம்.